கடல் காற்று எத்தனை மணிக்கு வரும்?



சென்னை, கடலூர், நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். கத்திரி வெயில் காலத்தில் பகல் பதினொரு மணிக்கே அனல் வீசும். மின்விசிறி சுழன்றால் சூடான காற்றுதான் வரும். பிறகு மதியம் திடீரென்று ஜன்னல் திரை அசையும். கொடியில் காயும் துணிகள் வேறு பக்கமாகப் பறக்கும். "அப்பாடா, கடல் காற்று வந்துவிட்டது!" என்று வீட்டில் பெரியவர்கள் பெருமூச்சு விடுவார்கள்.

இந்தக் காற்று தினமும் ஒரே நேரத்தில் வருவதில்லை. சில நாள் பதினொரு மணிக்கே வந்துவிடும். சில நாள் மூன்று மணி ஆகியும் எட்டிப் பார்க்காது. அப்படியானால், நாளைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று இன்றைக்கே சொல்ல முடியுமா?

பெருமளவு முடியும். அதைச் சொல்வது ஜோசியம் அல்ல, கணக்கு! அந்தக் கணக்கைப் போடுவது கம்ப்யூட்டர். அதில் உள்ள அடிப்படைக் கணக்கு உங்களுக்கும் தெரிந்ததுதான். கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். எப்படி என்று பார்ப்போமா?

காற்று ஏன் வருகிறது?

காலையில் சூரியன் கடலையும் நிலத்தையும் ஒன்றுபோலத்தான் காய்ச்சுகிறது. ஆனால் நிலம் சீக்கிரம் சூடாகிவிடும், கடல் சூடாகாது. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ உலர்ந்த மணலுக்குத் தேவைப்படுவதைப்போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. மேலும், மணலில் வெயில் மேல்பரப்போடு நின்றுவிடும். கடலில் வெளிச்சம் ஆழத்துக்கு இறங்கும். அலைகளும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கும். அதனால் வெப்பம் பரவிப் போய்விடும்.

சூடான நிலத்தின் மேலுள்ள காற்று லேசாகி மேலே எழும்பும். அங்கே காற்றழுத்தம் குறையும். கடலின் மேல் உள்ள குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்ப ஓடி வரும். இதுதான் கடல் காற்று. இரவில் எல்லாம் தலைகீழ். நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசும். இது நிலக்காற்று.

நம் மீனவர்கள் இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. அந்தக் காலத்தில் விடியற்காலை நிலக்காற்றில் பாய் விரித்துக் கட்டுமரத்தில் கடலுக்குப் போவார்கள். பிற்பகல் கடல் காற்றில் கரைக்குத் திரும்புவார்கள். போகவும் வரவும் செலவில்லாத இன்ஜின்!

தாமதமானால் என்ன?

சென்னையில் 2003 மே 31 அன்று வெப்பம் 45 டிகிரி செல்சியஸைத் தொட்டது. பக்கத்திலேயே வங்கக் கடல் இருந்தும் இவ்வளவு சூடா என்று கேட்கிறீர்களா? நம் முன்னோர் கிழக்கிலிருந்து வருவதைக் கொண்டல் என்றும், மேற்கிலிருந்து வருவதைக் கோடை என்றும், வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும், தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் காற்றுக்குப் பெயர் வைத்தார்கள். மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் மேற்கேயிருந்து வரும் கோடைக் காற்று வலுவாக இருக்கும். காய்ந்த நிலத்தைக் கடந்து சூடாக வரும் அது, கடல் காற்றைக் கரையிலேயே மறித்து நிறுத்திவிடும். கபடி ஆட்டத்தில் கோட்டைத் தாண்ட விடாமல் மறிப்பது போல!

கோட்டைத் தாண்டிக் கடல் காற்று எப்போது உள்ளே வருகிறது என்பதைப் பொறுத்துத்தான் அன்றைய வெயிலின் கடுமை. கட்டட வேலை செய்பவர்கள், தள்ளுவண்டிக்காரர்கள், நடைபாதை வியாபாரிகள், படுக்கையில் இருக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு அந்த இரண்டு மணி நேரத் தாமதம் சாதாரண விஷயமல்ல. முன்கூட்டியே தெரிந்தால் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். தண்ணீர்ப் பந்தல்களைத் தயாராக வைக்கலாம்.

விமான நிலையத்துக்கும் இது முக்கியம். விமானங்கள் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். மேற்குக் காற்று நின்று கடல் காற்று புகுந்தால், ஓடுபாதையில் எந்தப் பக்கமிருந்து இறங்குவது என்பதையே மாற்ற வேண்டிவரும்.

கட்டம் போட்டுக் கணக்கு

சரி, கம்ப்யூட்டர் எப்படிக் கணக்குப் போடுகிறது? ஒரு வரைபடத்தின் மேல் கணக்கு நோட்டில் உள்ளதுபோல் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். ஒவ்வொரு கட்டத்தின் மேலும் பெட்டிமேல் பெட்டியாக வானம் வரை அடுக்குங்கள். இப்போது காற்று மண்டலம் முழுவதும் பெட்டிகளாகப் பிரிந்துவிட்டது அல்லவா?

ஒவ்வொரு பெட்டிக்கும் சில எண்கள் உண்டு. வெப்பம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்று எந்தத் திசையில் எவ்வளவு வேகம் என்பவையே அவை. ஒரு பெட்டியில் ஏற்படும் மாற்றம் பக்கத்துப் பெட்டியைப் பாதிக்கும். எப்படிப் பாதிக்கும் என்பதற்கு நியூட்டனின் இயக்க விதிகளும் வெப்பத்தின் விதிகளும் இருக்கின்றன. அந்த விதிகளின்படி, சில விநாடிகளுக்குப் பிறகு ஒவ்வொரு பெட்டியிலும் என்ன எண் இருக்கும் என்று கணக்கிட வேண்டும். அந்த விடையை வைத்து அடுத்த சில விநாடிகள். பிறகு அடுத்தது. இப்படியே போனால் நாளைய மதியம் வந்துவிடும்! இதைத்தான் விஞ்ஞானிகள் வானிலையின் 'கம்ப்யூட்டர் மாதிரி' என்கிறார்கள்.

நாமே ஒரு மாதிரி செய்வோம்

ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையாக ஐந்து கட்டங்கள் போடுங்கள். முதலாவது கடல். அடுத்த நான்கும் நிலம். ஒவ்வொன்றும் 10 கிலோமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். நம் விளையாட்டுக்கு நான்கு விதிகள்:

1. காலை 8 மணிக்குக் கடல் 29 டிகிரி, நிலம் எல்லாம் 30 டிகிரி.

2. கடல் மாறாது. கடல் காற்று வந்து சேராத நிலக் கட்டம் மணிக்கு 2 டிகிரி ஏறும்.

3. முதல் நிலக் கட்டம் கடலைவிட 5 டிகிரி கூடிவிட்டால் கடல் காற்று புறப்படும். அதன் பிறகு மணிக்கு ஒரு கட்டம் முன்னேறும்.

4. காற்று வந்து சேர்ந்ததும் அந்தக் கட்டம் 2 டிகிரி இறங்கி, அப்படியே நிற்கும்.

இனிக் கணக்கைத் தொடங்குங்கள். 9 மணிக்கு நிலம் எல்லாம் 32. பத்து மணிக்கு 34. கடலுக்கும் நிலத்துக்கும் வித்தியாசம் 5 டிகிரி. காற்று புறப்பட்டுவிட்டது! அடுத்து நான்கு நிலக் கட்டங்களிலும் என்ன நடக்கிறது பாருங்கள்:

11 மணி: 32, 36, 36, 36
12 மணி: 32, 34, 38, 38
1 மணி: 32, 34, 36, 40
2 மணி: 32, 34, 36, 38

கரையோரக் கட்டம் 34 டிகிரிக்கு மேல் போகவே இல்லை. நான்காம் கட்டமோ 40-ஐத் தொட்டுவிட்டது. கடற்கரையை ஒட்டி இருப்பவர்களைவிட உள்ளே தள்ளி இருப்பவர்களுக்கு ஏன் வெயில் அதிகம் என்று நம் சின்னக் கணக்கே சொல்லிவிட்டது!

இப்போது மேற்குக் காற்று வீசும் நாள் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேற்குக் காற்று மறிப்பதால், 5 டிகிரி வித்தியாசம் போதாது, 9 டிகிரி வேண்டும் என்று மூன்றாம் விதியை மாற்றுங்கள். மற்ற விதிகளை மாற்ற வேண்டாம். மறுபடி கணக்குப் போடுங்கள். காற்று 10 மணிக்குப் பதில் 12 மணிக்குத்தான் புறப்படும். அதற்குள் கரையோரக் கட்டம் 38 டிகிரி ஆகிவிட்டிருக்கும். நான்காம் கட்டம் பிற்பகல் மூன்று மணிக்கு 44-ஐத் தொடும். காற்று இரண்டு மணி நேரம் தாமதம். வெப்பம் நான்கு டிகிரி அதிகம்!

இந்த 2, 5, 9 எல்லாம் விளையாட்டுக்காக நாம் வைத்துக்கொண்ட எண்கள். உண்மையான மாதிரியில் விதிகளை இப்படி நம் இஷ்டத்துக்கு வைக்க முடியாது. அவை இயற்பியல் விதிகள். சூரிய ஒளி, மேகம், மண்ணின் ஈரம், மலை, மரம், கட்டடம் எல்லாமே கணக்கில் வரும். ஆனாலும் செய்யும் முறை இதேதான்.

போரின் நடுவே போட்ட கணக்கு

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் இங்கிலாந்தைச் சேர்ந்த லூயி ஃபிரை ரிச்சர்ட்சன். முதல் உலகப் போர் நடந்த சமயம். போரை வெறுத்த அவர் துப்பாக்கி ஏந்த மறுத்தார். பிரான்ஸில் காயம்பட்ட வீரர்களை ஏற்றிச் செல்லும் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு நேரத்தில் கணக்குப் போட்டார்.

1910 மே 20 அன்று ஐரோப்பாவில் எடுத்த அளவுகளை வைத்துக்கொண்டு, ஆறு மணி நேரத்தில் காற்றழுத்தம் எவ்வளவு மாறும் என்று கண்டுபிடிக்க முயன்றார். வந்த விடை 145 மில்லிபார்! பயங்கரப் புயலில்கூட ஆறு மணி நேரத்தில் அவ்வளவு மாறாது. உண்மையில் அன்று அழுத்தம் ஏறக்குறைய மாறவே இல்லை.

இதற்கிடையில் அவர் எழுதி வைத்த கையெழுத்துப் பிரதியும் போர்க் குழப்பத்தில் தொலைந்து போனது. சில மாதம் கழித்து பெல்ஜியத்தில் ஒரு நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தது! 1922-ல் அது புத்தகமாக வெளிவந்தது. தவறான விடையை அவர் மறைக்கவில்லை. அப்படியே அச்சிட்டார். உலகம் முழுமைக்கும் வேகமாகக் கணக்குப் போட 64,000 பேர் ஒரு பெரிய அரங்கத்தில் உட்கார்ந்து கணக்கிட வேண்டும் என்று கற்பனையும் செய்தார்.

ரிச்சர்ட்சனின் முறை தவறு அல்ல. தொடக்கத்தில் எடுத்துக்கொண்ட அளவுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் இருந்ததுதான் குறை. பின்னாளில் அயர்லாந்து வானிலை அறிஞர் பீட்டர் லின்ச் அந்த அளவுகளைச் சீர்செய்து அதே கணக்கைப் போட்டார். நம்பத்தக்க விடை வந்தது! விடை தவறாக வந்தாலும் போட்ட வழியை மறைக்காமல் எழுதி வைத்ததால்தானே பின்னால் வந்தவரால் திருத்த முடிந்தது? உங்கள் கணக்கு நோட்டுக்கும் இது பொருந்தும்.

ராட்சதக் கம்ப்யூட்டரும் குட்டி செல்போனும்

1950-ல் அமெரிக்காவில் 'எனியாக்' என்ற கம்ப்யூட்டரில் முதன்முதலாக வானிலைக் கணக்குப் போட்டார்கள். அதன் எடை சுமார் 30 டன். ஒரு பெரிய கூடத்தையே அடைத்துக்கொண்டு நிற்கும். 24 மணி நேரத்துக்கான முன்னறிவிப்பைக் கணக்கிட அதற்கு ஏறக்குறைய 24 மணி நேரம் ஆனது! நாளைய வானிலை தெரிவதற்குள் நாளையே வந்துவிட்டது.

அதே கணக்கை 2008-ல் பீட்டர் லின்ச்சும் இன்னொருவரும் நோக்கியா 6300 என்ற சாதாரண செல்போனில் போட்டார்கள். ஒரு விநாடிகூட ஆகவில்லை.

கடற்கரை காணாமல் போகும்!

இவ்வளவு வேகம் வந்த பிறகும் கடல் காற்று மட்டும் நீண்ட நாள் கண்ணாமூச்சி காட்டியது. ஏன் தெரியுமா? கடல் காற்று மிகச் சிறியது. புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம் இருக்கும். கடல் காற்றோ பெரும்பாலும் கரையிலிருந்து சில பத்து கிலோமீட்டர் தூரம்தான் உள்ளே வரும். உயரமும் சுமார் ஒரு கிலோமீட்டர்தான்.

நம் கட்டம் ஒவ்வொன்றும் 100 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சென்னை இருக்கும் கட்டத்தில் பாதி கடல், பாதி நிலம். ஆனால் ஒரு கட்டத்துக்கு ஒரே ஒரு வெப்ப எண்தானே? நிலத்தையும் கடலையும் சேர்த்துச் சராசரி எடுத்தால், கடற்கரையே காணாமல் போய்விடும். கடற்கரை இல்லாவிட்டால் கடல் காற்று ஏது?

அப்படியானால் கட்டத்தைச் சின்னதாக்கிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அதற்கு விலை உண்டு. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால், ஒரு கட்டம் நான்காகும். சின்னக் கட்டத்தைக் காற்று சீக்கிரம் கடந்துவிடும். அதனால் கால இடைவெளியையும் பாதியாக்க வேண்டும். ஆகவே வேலை 4 × 2 = 8 மடங்கு! 100 கிலோமீட்டர் கட்டத்தை 1 கிலோமீட்டர் ஆக்கினால் வேலை எத்தனை மடங்கு கூடும்? 100 × 100 × 100. அதாவது பத்து லட்சம் மடங்கு. மலைப்பாக இருக்கிறதல்லவா?

இதற்கு ஒரு நல்ல யுக்தி கண்டுபிடித்தார்கள். உலகம் முழுவதற்கும் பெரிய கட்டம், நமக்கு வேண்டிய கடற்கரைக்கு மட்டும் சின்னக் கட்டம். பெரிய டப்பாவுக்குள் சின்ன டப்பா வைப்பதுபோல!

1974-ல் அமெரிக்க விஞ்ஞானி ரோஜர் பீல்கி, தெற்கு ஃபுளோரிடாவுக்கு இப்படி ஒரு தனி மாதிரி செய்தார். கட்டம் சுமார் 11 கிலோமீட்டர். ஃபுளோரிடா ஒரு தீபகற்பம். இரண்டு பக்கமும் கடல். கோடைப் பகலில் இரு கரையிலிருந்தும் கடல் காற்று உள்ளே புகும். எதிரெதிரே வந்து முட்டும் காற்று எங்கே போகும்? மேலேதான் போக வேண்டும். அங்கே மேகம் திரண்டு இடியோடு மழை கொட்டும். கம்ப்யூட்டர் மாதிரி காட்டிய காற்று முட்டும் இடங்களும், உண்மையில் இடிமழை பெய்த இடங்களும் பெரும்பாலும் ஒத்துப்போயின.

சென்னையிலும் சில கோடை நாட்களில் மாலையில் உள்பகுதியில் இடிமழை பெய்யும். உள்ளே வரும் கடல் காற்று, நிலத்துக் காற்றை முட்டி மேலே தள்ளுவது அதற்கு ஒரு காரணம்.

கல்பாக்கத்தில் ஏன் இந்தக் கணக்கு?

சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கிலோமீட்டர் தொலைவில், கடற்கரையை ஒட்டிக் கல்பாக்கம் இருக்கிறது. அங்கே அணுமின் நிலையமும் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் உள்ளன. அந்த மையத்தின் விஞ்ஞானிகள் கடல் காற்றைக் கம்ப்யூட்டர் மாதிரிகளில் ஆராய்ந்து வருகிறார்கள். எதற்காக? ஒருவேளை ஏதாவது கசிவு ஏற்பட்டால், காற்று அதை எந்த ஊர்ப் பக்கம் கொண்டுபோகும் என்று உடனே தெரிய வேண்டும். காலையில் மேற்குக் காற்றில் கடலை நோக்கிப் போவது, பிற்பகல் கடல் காற்றில் ஊரை நோக்கித் திரும்பிவிடும். கடல் காற்று வரும் நேரம் தெரியாமல் மக்களை எந்தப் பக்கம் அனுப்புவது?

கடலோரத்தில் உயரமான புகைபோக்கி உள்ள எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் இதே கவலைதான். கடல் காற்றில் புகை முதலில் உயரத்திலேயே அமைதியாகப் போகும். சில கிலோமீட்டர் உள்ளே போனதும், சூடான நிலத்தின் மேல் குழம்பும் காற்றில் அது சிக்கும். பிறகு தரைக்கு இறங்கிவிடும். புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு இருமல் வராது. தள்ளி இருக்கும் ஊர்க்காரர்களுக்கு வரும்! அது எந்த ஊர் என்று முன்கூட்டியே சொல்ல இந்த மாதிரிகள் உதவுகின்றன.

கம்ப்யூட்டர் போட்டதெல்லாம் சரியா?

இன்று நம் நாட்டிடம் வானிலைக்கென்றே பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. 2024-ல் புனேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என்ற இரண்டும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. 2025 மே மாதம் 'பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்' என்ற முன்னறிவிப்பு முறை தொடங்கப்பட்டது. முன்பு 12 கிலோமீட்டராக இருந்த கட்டம் இதில் 6 கிலோமீட்டராகிவிட்டது. வேலை எத்தனை மடங்கு கூடியிருக்கும்? சரி, எட்டு மடங்கு!

ஆனாலும் கம்ப்யூட்டர் சொன்னதை யாராவது சரிபார்க்க வேண்டும் அல்லவா? சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002-ல் டாப்ளர் ரேடார் ஒன்று நிறுவப்பட்டது. கடல் காற்றின் முன்வரிசை நிலத்துக்குள் நகர்வது ரேடார் படத்தில் சில நாள் மெல்லிய கோடாகத் தெரியும். அந்த வரிசையில் சேர்ந்துவிடும் பூச்சிகளும் தூசியும்கூட ரேடாருக்குத் தெரிவதுதான் காரணம். மீனம்பாக்கத்திலிருந்து கருவிகளோடு பலூன்களும் வானில் அனுப்பப்படுகின்றன. இந்த அளவுகள் இல்லாவிட்டால், எவ்வளவு பெரிய கம்ப்யூட்டரும் ரிச்சர்ட்சன் பட்ட பாட்டைத்தான் படும். தொடக்க எண் தவறினால் விடையும் தவறும்.

எனவே கம்ப்யூட்டர் எவ்வளவு வளர்ந்தாலும், மணி பார்த்து, திசை பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கும் ஆட்களுக்கு எப்போதும் வேலை உண்டு. அந்த ஆள் நீங்களாகவும் இருக்கலாம்!

செய்து பாருங்கள்!

1. இரண்டு ஒரேமாதிரித் தட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் உலர்ந்த மணல், இன்னொன்றில் தண்ணீர். இரண்டையும் ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். பிறகு விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். எது கடல், எது நிலம் என்று விரலே சொல்லும்.

2. கடலோர ஊரில் இருப்பவர்கள் மொட்டை மாடியில் ஒரு குச்சியில் மெல்லிய துணிப் பட்டையைக் கட்டுங்கள். பெரியவர்களிடம் சொல்லிவிட்டே மாடிக்குப் போங்கள். துணி கடல் பக்கமிருந்து நிலத்தை நோக்கிப் பறக்கத் தொடங்கும் நேரத்தைத் தினமும் நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே அன்றைய அதிகபட்ச வெப்பத்தைச் செய்தித்தாளில் பார்த்து எழுதுங்கள். ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். காற்று தாமதமான நாட்களில் வெப்பம் எப்படி இருந்தது?

3. உள்ளூரில் இருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம்! நம் ஐந்து கட்டக் கணக்கை எட்டுக் கட்டமாக நீட்டிப் பாருங்கள். மாலை 4 மணிக்கு மேல் நிலம் சூடாகாது என்று ஐந்தாவதாக ஒரு விதியும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கட்டம் எத்தனை டிகிரி வரை போகிறது?